நூல் ஈரம் குடிக்கும் நேரம்

அரை மணி நேரம்... வெறும் அரை மணி நேரம்! அதை எங்கிருந்து கொண்டு வருவது என்றுதான் தமிழ்நிலாவுக்குத் தெரியவில்லை.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில், மதுரை பஸ் வந்து நிற்கும் இடத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி அவள் மறுபடியும் மனக்கணக்குப் போட்டாள். ஊருக்குள்ளேயே இருக்கிற கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் வகுப்பு மதியம் ஒன்றரைக்கு முடிகிறது. வேடசந்தூர் சாலையில் அவள் வேலை பார்க்கிற நூற்பாலையில் மதிய ஷிப்ட் இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே அரை மணி. ஆனால் கல்லூரி வாசலிலிருந்து ஆலை வாசலுக்கு வந்து சேர, டவுன் பஸ் மாறி வெளியூர் பஸ் பிடித்து, ஒரு மணி நேரம் வேண்டும்.

அரை மணி இடிக்கிறது. எப்படிப் போட்டாலும் இடிக்கிறது!

இந்த அரை மணிக்காகத்தான் அவள் ஆசைப்பட்ட இயற்பியலை விட்டுவிட்டு, மதுரையில் ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் படிக்க விண்ணப்பம் வாங்கக் கிளம்பியிருக்கிறாள். இரண்டாயிரமாம் ஆண்டு. கம்ப்யூட்டர் படிக்காதவர்களை ஊரே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்புதான் ஏற்றது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதாலேயே அவளுக்குக் கோபமாக வந்தது.

மதுரை பஸ் பின்பக்கமாகவே உள்ளே வந்தது. நிற்பதற்கு முன்பே கூட்டம் அதன் விலாவை மொய்த்தது. சன்னல் வழியாகத் துண்டு, பை, பேப்பர் எல்லாம் பறந்தன. எந்தச் சீட்டில் எது விழுகிறதோ அந்தச் சீட்டு விழுந்த பொருளின் சொந்தக்காரருக்கு. எழுதி வைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறாத சட்டம். நிலாவும் எம்பி, தன் கைக்குட்டையை ஒரு சன்னலுக்குள் எறிந்தாள்.

இடிபட்டு, மிதிபட்டு உள்ளே ஏறிப் போனால்... அந்தச் சீட்டின் அருகே ஒருவன் நின்றிருந்தான். உயரம். சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தான். சீட்டையே ஆராய்ச்சி செய்வதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கர்ச்சீப் என்னோடது," என்றாள் நிலா.

"கர்ச்சீப் உங்களதுதாங்க. சீட்டு யாருதுங்கறதுதான் இப்ப பேச்சு."

"என்னது?"

"செத்த நேரம் பாருங்க... அடியில என் துண்டு கெடக்கு. அதுக்கு மேல உங்க கர்ச்சீப் கெடக்கு. அப்ப எது முதல்ல விழுந்திருக்கும்?"

நிலா பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் எரிச்சல்! இயற்பியலில் பட்டம் வாங்கியவளுக்கே இயற்பியல் சொல்லித் தருகிறானா?

"இதுக்கெல்லாம் படிச்சுட்டு வந்தீங்களாக்கும்?"

"படிக்கத்தாங்க போய்க்கிட்டிருக்கேன்." சிரித்தான். பிறகு ஒதுங்கி நின்றான். "சரி, நீங்களே உக்காருங்க."

"எதுக்கு? கணக்குல செயிச்சுட்டு அப்புறம் தர்மம் பண்றீங்களா? ஒண்ணும் வேணாம்." கைக்குட்டையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "செயிச்ச சீட்டுல ராசா மாதிரி உக்காந்துட்டு வாங்க."

கொடைரோடு தாண்டும்வரை அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். கால் கடுத்தது. அவன் இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தான். இரண்டு முறையும் அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தான்.

அப்போதுதான் மழை வந்தது. கோடை மழை. சிறுமலைப் பக்கமிருந்து சரிந்து வந்து, பஸ்ஸின் ஒரு பக்கத்தை மட்டும் அறைந்தது. எல்லோரும் சன்னல் தகரத்தை இறக்கினார்கள். அவன் சன்னலின் தகரம் மட்டும் இறங்கவில்லை. இழுத்தான், குத்தினான், தொங்கினான்... அது அசையவே இல்லை. மழை நேராக அவன் முகத்தில்தான் பெய்தது.

நிலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். இமை முடியிலிருந்து துளி சொட்டியது. அந்த நனைந்த கண்களில் கோபமே இல்லை... அவளோடு சேர்ந்து அவையும் சிரித்தன.

"சீட்டு நல்லாருக்கா?" என்றாள்.

"ரொம்பக் குளுகுளுன்னு இருக்குங்க. வாங்க, பாதி தாரேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தடுக்கி விழுந்தது. சீ... யார் பெற்ற பிள்ளையோ! மதுரை வந்ததும் மறந்துவிட வேண்டியதுதான்.

மறக்க முடியவில்லை. கல்லூரியில் விண்ணப்பம் வாங்கும் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற முதுகின் சட்டை நனைந்திருந்தது.

"நீங்களுமா...?" என்று திரும்பினான் அவன்.

"உங்க துண்டை இந்த வரிசையிலயும் போட்டு வச்சிருந்தீங்களா?" என்றாள் அவள்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஆலையின் லேப் கதவைத் திறந்துகொண்டு அவனே வந்து நின்றபோது நிலா கையிலிருந்த நூல்குழலைக் கீழே போட்டுவிட்டாள்.

அவள் வேலையை இங்கே கொஞ்சம் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் புரியும். நூற்பாலையில் பஞ்சு நூலாகிறது. நூல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் லேப். ஒவ்வொரு ஷிப்டிலும் மிஷின்களிலிருந்து சில நூல்குழல்களை எடுத்து வருவார்கள். நூலை உருவி, இழுவை மிஷினில் மாட்டி இழுப்பார்கள். எவ்வளவு பாரம் வரை அறாமல் தாங்குகிறதோ அதுதான் நூலின் பலம். பலம் குறைந்தால் மிஷினில் கோளாறு என்று பொருள். லேப்பில் இரண்டே பேர். ஒருவர் காலை ஆறு முதல் இரண்டு வரை, மற்றவர் இரண்டு முதல் இரவு பத்து வரை. ராத்திரிக்கு லேப் கிடையாது. வாரம் ஒரு முறை இருவரும் ஷிப்ட் மாறிக்கொள்வார்கள். அவளோடு இருந்த பெண் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அந்த இடத்துக்கு வந்தவன்தான் இவன்.

"பொன்னுத்துரை. நத்தம் பக்கம். திண்டுக்கல்ல அம்மாவும் இவரும் வாடகைக்கு இருக்காங்க," என்று அறிமுகப்படுத்தினார் லேப் அதிகாரி அந்தோணிராஜ்.

"தெரியும் சார். சீட்டுப் பிடிக்கறதுல கெட்டிக்காரரு," என்றாள் நிலா.

அந்தோணிராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப்பின் தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஒரு சண்டை. ஒருவர் போக, ஒருவர் வர, நடுவில் கிடைக்கிற அந்தச் சில நிமிடங்களில் எத்தனை சண்டை போட முடியுமோ அத்தனையும். தராசைத் துடைக்கவில்லை என்று ஒரு நாள், பேனாவைக் காணோம் என்று ஒரு நாள். ஒரு நாள் எந்தக் காரணமும் அகப்படாமல் அவள் வாயை மூடிக்கொண்டு போனபோது, வழி முழுக்க எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

பெரிய சண்டை நூலின் பலத்தில் வந்தது.

ஒரே மிஷின், ஒரே பஞ்சு. அவள் இழுத்தால் ஒரு பலம் காட்டுகிறது, அவன் இழுத்தால் எப்போதும் அதைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது!

"மிஷினுக்கு உங்க மேல பாசமாக்கும்?"

"எல்லாருக்கும் என்மேல பாசந்தாங்க. உங்களத் தவிர."

"பொய்க் கணக்கு எழுதுறீங்கன்னு சார்ட்ட சொல்லப் போறேன்."

அவன் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. "நானா பொய்யி? நாளைக்கு நீங்களே நின்னு பாருங்க."

நின்று பார்த்தாள். ஷிப்ட் முடிந்தும் போகாமல், கையைக் கட்டிக்கொண்டு. அவன் செய்ததில் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். குழல்களைக் கொண்டுவந்ததும் அவள் உடனே இழுப்பாள். அவன் இழுக்கவில்லை. ஈரக்காற்று அளவாக வருகிற உள்ளறையில், ஒரு தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் இழுத்தான்.

"தூங்க வச்சு எழுப்புறீங்களா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன். பஞ்சு காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடிச்ச பருத்தி நூலுக்குப் பலம் கூடும், காஞ்சா குறையும். வெளிய இப்ப அனல் காத்து. அங்கேருந்து எடுத்துட்டு வந்து ஒடனே இழுத்தா, நீங்க அளக்கறது நூலோட பலமில்ல... அன்னைக்கு அடிச்ச வெயிலு. அதான் எல்லாக் குழலையும் ஒரே காத்துல செத்த நேரம் விட்டு வைக்கணும். அப்புறம் இழுத்தா எல்லாருக்கும் ஒரே கணக்கு வரும்."

அடுத்த வாரம் முழுக்கத் தானும் அப்படியே செய்து பார்த்தாள். இருவர் கணக்கும் ஒன்றாக வந்தது. அவளே அந்தோணிராஜிடம் போய்ச் சொன்னாள்... பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரி, இனிமே இதான் ரூல்," என்றார் அவர். "குழலை எடுத்து ஒரு மணி நேரம் உள்ளறையில வையிங்க. அப்புறம் சோதிங்க. ரெண்டு மணிக் குழலோட ரிசல்ட் நாலு மணிக்கு என் டேபிளுக்கு வந்தாப் போதும்."

வெளியே வந்ததும் துரை மெல்லக் கேட்டான்: "பொய்க் கணக்குன்னு சொன்னதுக்கு...?"

"மன்னிப்பா? நூலுதான் ஒரு மணி நேரத்துல ஈரம் குடிக்கும். நான் அம்புட்டு சீக்கிரம் இளக மாட்டேன்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். பத்தடி போனதும் தானாகச் சிரித்துக்கொண்டாள். அவன் பார்த்திருப்பானோ... பார்த்தால் பார்க்கட்டும்.

ஜூன் மாதம் மதுரையிலிருந்து இருவருக்கும் மாலை வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது.

இப்போது நிஜமான சண்டை வந்தது. மாலை வகுப்புக்குப் போக வேண்டுமானால் தினமும் காலை ஷிப்டில் இருக்க வேண்டும். வாரம் மாறினால் பாதி நாள் வகுப்பு போச்சு. வருகைப் பதிவு இல்லாமல் பரீட்சை எழுத விட மாட்டார்கள். காலை ஷிப்டோ ஒன்றுதான். கேட்பவர்கள் இரண்டு பேர்.

"ஒருத்தருக்குத்தான் தர முடியும்," என்று அந்தோணிராஜ் கையை விரித்தார். "யாருக்குன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. என்கிட்ட பஞ்சாயத்து வேணாம்."

"முதல்ல வந்தவ நான். மூணு வருசமா இங்க இருக்கேன்," என்றாள் நிலா.

"அடியில கெடக்கற துண்டு உங்களதுன்னு சொல்றீங்க," என்றான் அவன்.

"ஆமா, சொல்றேன்!"

அவன் சிரிக்கவில்லை. "நிலா... எனக்கும் வேற வழியில்லைங்க. இந்தப் படிப்பு முடிஞ்சாத்தான் பாலிடெக்னிக்ல வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட முடியும். அம்மாவுக்கு என்னை விட்டா ஆளில்ல."

அவளுக்கும்தான் யார் இருந்தார்கள்? அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவான். பரிதாபம் பிடிக்காது.

எரியோட்டில் அவர்கள் வீட்டில், அப்பா மூக்கையாவுக்கு இரண்டு வருடமாக இடது கையும் காலும் சரியாக வராது. பக்கவாதம். அம்மா சோலையம்மாள் இருட்டோடு எழுந்து மல்லிகைக் காட்டுக்குப் போய்விடுவாள். மல்லிகையை மொக்காகவே பறிக்க வேண்டும். வெயில் ஏறி விரிந்துவிட்டால் மார்க்கெட்டில் சீந்த மாட்டார்கள். ரோட்டோரம் வரும் வண்டியில் மொக்கை ஏற்றிவிட்டு அவள் வீடு திரும்ப ஏழரை ஆகும். அதுவரை அப்பாவை எழுப்பி, பல் தேய்க்க வைத்து, கையைத் தூக்கி இறக்கிப் பயிற்சி கொடுப்பதெல்லாம் நிலாதான். ஆனால் காலை ஷிப்ட் வாரங்களில் அவளும் விடியுமுன் கிளம்பிவிடுவாள். அப்பா தனியாகக் கிடப்பார்.

அந்த மாதிரி ஒரு காலையில் அவர் தானாக எழுந்திருக்கப் பார்த்து, விழுந்தார்.

செய்தி ஆலைக்குப் போனில் வந்தது. நிலா ஓடினாள். எலும்பு முறியவில்லை. நெற்றியில் தையல். கட்டிலில் கிடந்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தார் அப்பா. "ஒண்ணுமில்ல தாயி. தண்ணி குடிக்க எந்திரிச்சேன்."

அந்தச் சிரிப்பில்தான் அவள் உடைந்தாள். அடுப்படிக்குப் போய்ச் சுவரைக் குத்தினாள்.

"ஏ புள்ள, செவுரு என்ன பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

"எல்லாம் பண்ணுச்சு!"

"இந்தா பாரு. நீ மதுரைக்குப் போயிப் படிக்கணும்னா, விடிய முன்ன போயி ராத்திரி பத்து மணிக்கு வருவ. எடையில இந்த மனுசன யாரு பாக்குறது? பேசாம தபால்ல படி. இல்லையா, படிப்ப விடு."

"தபால்ல படிச்சா லேப் எங்கம்மா இருக்கு? போஸ்ட்மேனு கொண்டாந்து குடுப்பாரா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பூப்பறிச்சுட்டு வாரவரைக்கும் அவரு பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும். அம்புட்டுதான். அதுக்கப்புறம் நீ எங்க வேணா போ, எந்நேரம் வேணா வா. ஆலை வண்டி வாசல்லதான எறக்கி விடுது?"

இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அப்பாவின் கையைத் தூக்கி இறக்கியபடி நிலா யோசித்தாள். அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் அம்மா மேலும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் ஆலைக்குப் போனபோது அந்தோணிராஜ் அவளைக் கூப்பிட்டார். "சந்தோசமா? காலை ஷிப்ட் ஒனக்குத்தான். துரை எழுதிக் குடுத்துட்டான், அவன் நிரந்தரமா மதியம் பாத்துக்கறானாம். மதுரை காலேஜ்லயும் வேணாம்னு சொல்லப் போறானாம்."

சந்தோஷமா? அவள் காது இரண்டும் பற்றி எரிந்தன.

இரண்டு மணிக்கு அவன் வரும்வரை பொறுக்கவில்லை. ஆலை வாசலுக்கே போய் நின்றாள். வானம் கருத்துக் கிடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "அப்பாவுக்கு எப்படிங்க இருக்கு?"

"நான் கேட்டனா?"

"என்னது?"

"காலை ஷிப்ட விட்டுக் குடுங்கன்னு நான் உங்ககிட்ட வந்து கேட்டனா? யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க?"

துளி விழ ஆரம்பித்தது. வாசலில் இருந்த டீக்கடையின் தகரக் கூரைக்குள் அவன் ஒதுங்கினான். அவள் நனைந்துகொண்டே பேசினாள்.

"நாளைக்கு நான் படிச்சு முடிச்சா, அது என் படிப்பா, நீங்க போட்ட பிச்சையா? ஆயுசு பூரா உங்களுக்கு நன்றி சொல்லிக்கிட்டே திரியணுமா?"

"பிச்சைன்னு நினைக்கலைங்க. உங்கப்பா விழுந்துட்டாருன்னு..."

"எங்கப்பா விழுந்தா ஒனக்கென்ன?"

அவன் கண்ணைத் தாழ்த்தினான். "ஒண்ணுமில்லாமத்தான் ரெண்டு நாளா சோறு எறங்காம இருக்கேனா..."

மழை சடசடவென்று தகரத்தில் கொட்டியது. டீக்கடை பொம்மையன் பாய்லரைத் தேய்க்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டார்.

நிலாவின் கோபம் ஒரு நொடி தடுமாறியது. பிறகு இன்னும் பெரிதாக எழுந்தது. "ஏதாவது தெரிஞ்சு விட்டுக் குடுத்தியா நீ? அப்பா விழுந்ததே நான் காலை ஷிப்டுக்கு வந்ததாலதான்! அம்மா பூக்காட்டுக்குப் போற நேரம் அது. அந்த நேரத்துலதான் அவருக்கு ஆளு வேணும். நீ பெரிய மனசு பண்ணி எனக்குக் குடுத்திருக்கிறது அந்த நேரத்தைத்தான். தினமும் அவரைத் தனியாப் போட்டுட்டு வான்னு எழுதிக் குடுத்திருக்க!"

அவன் முகம் வெளுத்தது. "எனக்குத் தெரியாதே நிலா..."

"கேட்டாத்தான தெரியும்!"

"நீங்க சொன்னாத்தானங்க தெரியும்!" அவனும் முதல்முறையாகக் கத்தினான். "எதைக் கேட்டாலும் மொறைக்கிறீங்க. சீட்டக் குடுத்தா தர்மமா, ஷிப்ட குடுத்தா பிச்சையா... அப்ப என்னதாங்க வேணும் உங்களுக்கு? அதையாவது சொல்லுங்க!"

யாரும் இதுவரை அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"இயற்பியல்," என்றாள். "இங்கயே, திண்டுக்கல்ல. பகல் வகுப்பு. நாளைக்குத்தான் விண்ணப்பத்துக்குக் கடைசி. எனக்கு மதிய ஷிப்டுதான் வேணும். விடியக்காலையில அப்பாவோட இருப்பேன், அம்மா வந்ததும் காலேஜ், அப்புறம் ஆலை. எல்லாம் பொருந்துது... ஒரு அரை மணி மட்டும் இடிக்குது. வகுப்பு விட்டு வந்து சேர ரெண்டரை ஆயிரும்."

"மதிய ஷிப்டா? அதை யாருங்க கேப்பா? நீங்களும் காலையத்தான கேட்டீங்க?"

"அரை மணி இடிச்சதாலதான் கேட்டேன்!"

இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொம்மையன் ஒரு டீயை அவள் கையில் திணித்தார். "உள்ள வாத்தா. சண்டைய நனையாமப் போடு."

அவள் கூரைக்குள் வந்தாள். ஒரு வாய் குடித்தாள். இரண்டு மணிக்கு ஆலைக்குள் போனால் என்ன செய்வோம்? அவள் தன் வேலையைத் தானே எட்ட நின்று பார்த்தாள். குழல்களை எடுத்து வருவோம். தட்டில் அடுக்குவோம். அப்புறம்...

டீ டம்ளர் வாயருகே அப்படியே நின்றது.

"துரை... ரெண்டு மணிக் குழலை எடுத்து வச்சுட்டு மூணு மணிவரைக்கும் நாம என்ன பண்றோம்?"

"ஒண்ணும் பண்ணல. நூல் ஈரம் குடிக்கட்டும்னு உக்காந்திருப்போம்."

"அந்தக் குழலைக் காலை ஷிப்ட் ஆளு கிளம்புறதுக்கு முன்ன எடுத்து வச்சுட்டுப் போனா?"

அவன் கண்கள் மெல்ல விரிந்தன. "மூணு மணிக்கு இழுக்க ஆளிருந்தாப் போதும். நீங்க ரெண்டரைக்கே வந்துருவீங்க!"

"நிறுத்து. அரை மணி வேலையை நீ எனக்காக..."

"எனக்காக எதையும் செய்ய வேணாம்னுதான சொல்ல வாரீங்க? செத்த நேரம் பொறுங்க." அவன் விரலால் மேசையில் கோடு போட்டான். "மாலை வகுப்புல எனக்கும் ஒரு இடி இருக்கு. சனிக்கிழமை ப்ராக்டிகல் ரெண்டு மணிக்கே ஆரம்பிக்குது. ஆலையில இருந்து பதினொன்றரைக்குக் கிளம்பினாத்தான் மதுரை போக முடியும். என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் முழிச்சுக்கிட்டிருந்தேன். சனிக்கிழமை உங்க காலேஜு லீவுதான?"

நிலா கணக்குப் போட்டாள். ஐந்து நாள், தினம் அரை மணி. மொத்தம் இரண்டரை மணி. பதினொன்றரையிலிருந்து இரண்டுவரை... இரண்டரை மணி.

சரியாகப் பொருந்தியது. யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்தது. அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

"மதுரை காலேஜ்ல வேணாம்னு சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லைங்க. சாயங்காலம் போன் பண்ணலாம்னு இருந்தேன்."

"பண்ணுனா கொன்னுருவேன்."

"சரிங்க." தயங்கினான். "இப்படி ஆச்சுன்னா... சனிக்கிழமையத் தவிர நாம பாத்துக்கவே முடியாது. நான் கிளம்பின அப்புறம் நீங்க வருவீங்க. இம்புட்டு நாளா அந்த ரெண்டு மணிச் சண்டைக்குத்தாங்க நான் ஆலைக்கே வந்துக்கிட்டிருந்தேன்."

மழை மெலிந்து, தகரத்தின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கைகளைப் பார்த்தாள். தராசுக் கல்லைத் தொடுவதுபோல் மேசையை மெல்லத் தொட்டுக்கொண்டிருந்த விரல்கள்.

"எனக்கு உன்ன பிடிச்சிருக்கு," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "அந்தப் பஸ்ஸுல நனைஞ்ச மூஞ்சியோட சிரிச்சியே, அன்னையிலருந்து. அதான் இம்புட்டுக் கோவம். போதுமா?"

பொம்மையன் பாய்லர் மூடியைக் கீழே போட்டுவிட்டார்.

துரை அவளையே பார்த்தான். "எனக்கு அன்னைக்கு நீங்க சிரிச்சப்பவே..." மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "ரெண்டு வருசம் படிச்சு முடிச்சதும், அம்மாவக் கூட்டிக்கிட்டு எரியோட்டுக்கு வரட்டுமா?"

"ரெண்டு வருசமா? ஞாயித்துக்கிழமை வா. அப்பாவுக்குக் கையைத் தூக்கி எறக்க ஆளு வேணும். அம்மா திட்டுவாங்க. வாங்கிக்கணும்."

"வாங்கிக்கிறேங்க."

"முதல்ல சார்ட்ட போவோம். வா."

அந்தோணிராஜ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் நனைந்திருந்தார், மற்றவர் நனையவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தி, ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு மணிக்கு ரிசல்ட் என் டேபிளுக்கு வரும்ல?"

"வரும் சார்," என்றாள் நிலா.

"அப்ப சரி. ஒரு மாசம் பாப்போம்."

மறுநாளே நிலா இயற்பியலுக்கு விண்ணப்பம் கொடுத்தாள், இடமும் கிடைத்தது. வகுப்புகள் தொடங்கியதும் ஏற்பாடு இப்படித்தான். திங்கள் முதல் வெள்ளிவரை, துரை காலை ஷிப்ட் முடித்துக் கிளம்புமுன் இரண்டு மணிக் குழல்களை எடுத்து உள்ளறையில் அடுக்கிவிட்டு, மதுரைக்கு மாலை வகுப்புக்குப் போவான். நூல் ஈரம் குடித்துக்கொண்டிருக்கும்போது நிலா இயற்பியல் வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள். இரண்டரைக்கு ஆலைக்குள் வந்து, மூன்று மணிக்குச் சோதனையைத் தொடங்குவாள். சனிக்கிழமை அவள் பதினொன்றரைக்கே வந்து அவனை அனுப்பி வைப்பாள்.